சிக் லீவில் இருக்கும்போது வீட்டு வேலைக்காக வெளியே அலையலாமா?

கொரட்டூர்வாசி | சனி, மாலை 6.40

வணக்கம். நேற்று நடந்த ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நான் செய்தது தப்பா என்று உங்களிடம் கேட்க வேண்டும்.

பெருங்குடியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன ஞாயிறு இரவு குளிர்காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு. டாக்டர் ஏழு நாள் ஓய்வு எழுதிக் கொடுத்தார், சான்றிதழை அன்றே மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். வியாழன் இரவு காய்ச்சல் விட்டது. வெள்ளி காலை எழுந்தபோது நான்கு நாளில் முதல் முறையாகத் தலைவலி இல்லை. உடம்பில் சத்து இல்லை, அவ்வளவுதான்.

வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நவம்பர் முடிவதற்குள் வாழ்நாள் சான்று, அதாவது உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று, கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி, தனியாகப் பேங்குக்குப் போக முடியாது. மனைவி பள்ளியில் டீச்சர். அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் லீவு கேட்கவே முடியாத நேரம். ரேஷனும் மாதக் கடைசி. கார்டில் மூன்று பெரியவர்கள் பெயர் இருக்கிறது, ஆனால் அம்மாவின் கைரேகை கருவியில் விழுவதே இல்லை.

"நீதான் வீட்டில் இருக்கிறாயே, ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்" என்றார் அம்மா. கிளம்பினோம். வில்லிவாக்கத்தில் பேங்க், டோக்கன், ஒன்றரை மணி நேரம். அம்மாவை அங்கேயே உட்கார வைத்துவிட்டு மார்க்கெட் பக்கம் போய் பிரஷர் மாத்திரையும் காய்கறியும் வாங்கினேன். திரும்பி வந்து ரேஷன் வரிசை. வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. கால் நடுங்கியது, சாப்பாடு இறங்கவில்லை.

மார்க்கெட்டில் என்னோடு வேலை செய்பவர் ஒருவர் பார்த்திருக்கிறார். என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் மேனேஜர் போன். "உடம்பு தேறிட்ட மாதிரி கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை வந்துடுவீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் ஒன்பது வருடத்தில் முதல் முறையாக என்னை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

பொய் சொல்லி லீவு எடுத்தவனா நான்?

---

இரவுப்பணி | சனி, மாலை 7.05

தம்பி, அலுவலகக் கதையை அப்புறம் பேசலாம். நான் நர்ஸ், காய்ச்சல் வார்டில் பல மழைக்காலம் பார்த்தவள். முதலில் இதைப் படியுங்கள்.

டெங்குவில் காய்ச்சல் அடிக்கும் நாட்களைவிட, காய்ச்சல் இறங்கும் நேரமும் அதை அடுத்த 24 முதல் 48 மணி நேரமும்தான் நாங்கள் கண்ணை எடுக்காமல் பார்க்கும் நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான் நடக்கும். வெளியே பார்த்தால் நோயாளி தெளிவாக இருப்பார், "சரியாயிடுச்சு சிஸ்டர், வீட்டுக்குப் போகலாமா" என்று கேட்பார். அந்த நேரத்தில்தான் ரத்த அழுத்தம் இறங்கும். நீங்கள் மூன்று இடம் அலைந்தது சரியாக அந்த நேரத்தில்.

இப்போது வயிறு வலிக்கிறதா? திரும்பத் திரும்ப வாந்தி உண்டா? பல் ஈறில் ரத்தம்? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? சிறுநீர் குறைந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இன்றிரவே போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். பிளேட்லெட் மட்டும் பார்த்தால் போதாது, ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரை எதையும் நீங்களாகப் போடாதீர்கள். பாராசிட்டமால் தவிர மற்றவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

பதில் போட நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளம்புங்கள்.

---

கொரட்டூர்வாசி | சனி, மாலை 7.18

எழுந்தால் கண் இருட்டுகிறது அக்கா. மத்தியானத்திலிருந்து மேல்வயிற்றில் வலியும் இருக்கிறது. கேஸ் என்று நினைத்தேன். மனைவி ஆட்டோ கூப்பிடுகிறாள்.

---

எச்.ஆர்_அனுபவம் | ஞாயிறு, காலை 9.30

தம்பி நல்லபடியாக இருக்க வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன், வந்ததும் படிக்கட்டும்.

இருபத்திரண்டு வருடம் இரண்டு மூன்று நிறுவனங்களில் எச்.ஆர். வேலை பார்த்தேன், பெரும்பாலும் கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும். சிக் லீவு என்பது வீட்டுச் சிறை இல்லை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நோய்க்காக வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு, தற்செயல் விடுப்பு 12 நாள், ஒரு வருடம் முடித்தவர்களுக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நோய் விடுப்பில் இருப்பவர் வாசல் தாண்டக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. மருந்து வாங்கப் போவார், ஸ்கேன் எடுக்கப் போவார், காற்று வாங்கக்கூடப் போவார்.

நாங்கள் உள்ளே உட்கார்ந்து பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எந்தக் காரணம் சொல்லி லீவு எடுத்தாரோ, வெளியே செய்த வேலை அந்தக் காரணத்தைப் பொய்யாக்குகிறதா? முதுகு வலி என்று பத்து நாள் எழுதிக் கொடுத்த ஒருவர் அதே வாரம் வீடு மாறினார். பீரோவைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும் காட்சி அவருடைய மச்சானின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது. விசாரணை வைத்தோம். நியாயமான விசாரணைதான் அது. இன்னொருவர் மன உளைச்சலுக்காக லீவில் இருந்தார், கடற்கரையில் நடந்ததை யாரோ போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அதை நான் மேலே அனுப்பவே இல்லை. நடக்கச் சொன்னதே அவருடைய டாக்டர்தான்.

அம்மாவைப் பேங்குக்குக் கூட்டிப் போனது இந்த இரண்டில் எதிலும் சேராது. ஆனால் ஒரு தவறு நடந்திருக்கிறது. வெள்ளி காலை கிளம்பும் முன் மேனேஜருக்கு நாலு வரி அனுப்பியிருக்கலாம்: "காய்ச்சல் விட்டிருக்கிறது, பலவீனம் இருக்கிறது, அம்மாவின் ஓய்வூதியச் சான்றுக்கு இன்று கட்டாயம் போக வேண்டும், வேலைக்குத் திரும்ப டாக்டர் சொன்ன நாள் வரை ஆகும்." இது இருந்தால் மார்க்கெட்டில் யார் பார்த்தாலும் அது செய்தியே இல்லை. சந்தேகம் வருவது வெளியே போனதால் அல்ல, வேறொருவர் வாயிலிருந்து தெரிய வருவதால்.

---

நாவலூர்_பஸ் | ஞாயிறு, காலை 10.02

எல்லாரும் அவர் பக்கம் பேசுகிறோம், நான் கொஞ்சம் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். அவரைக் குறை சொல்ல இல்லை.

எங்கள் டீமில் ஐந்து பேர். மாதக் கடைசியில் ஒருவர் இல்லை என்றால் மற்ற நாலு பேரும் இரவு பத்து வரை உட்காருவோம். போன வருடம் ஒருவர் காய்ச்சல் என்று மூன்று தடவை லீவு போட்டார். மூன்று தடவையும் ஏதோ ஒரு வீட்டு வேலை. பத்திரப் பதிவு, பாப்பாவுக்கு ஸ்கூல் அட்மிஷன், இப்படி. அவர் வேலையை நான்தான் செய்தேன். என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள்கூட. அதனால் லீவில் இருப்பவர் பையோடு மார்க்கெட்டில் நிற்பதைப் பார்த்தால் எனக்கும் சுருக்கென்று இருக்கும். பார்த்தவர் போட்டுக் கொடுத்தார் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரும் களைத்துப் போனவராக இருக்கலாம்.

---

எச்.ஆர்_அனுபவம் | ஞாயிறு, காலை 10.20

@நாவலூர்_பஸ் நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகும் என்பதை நிர்வாகம் முன்பே கணக்கில் வைத்து ஆள் போட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதன் பாரம் உங்கள் மேல் விழுகிறது, அந்தக் கோபம் நோயாளி மேல் திரும்புகிறது. தற்செயல் விடுப்பைக் கேட்டால் முகம் சுளிக்கும் மேனேஜர்கள் இருக்கும் இடத்தில்தான் பத்திரப் பதிவுக்கும் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

---

லேத்துக்காரர் | ஞாயிறு, பகல் 12.45

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறவன். இங்கே பேசுவது எல்லாம் ஆபீஸ் சிக் லீவு. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. நம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 கட்டுவார். ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருந்தால், உடம்பு முடியாத நாளுக்குச் சராசரி தினக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை. அந்தப் பணம் வாங்கும்போது சில கட்டுப்பாடு உண்டு. 1948-ஆம் வருட ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் அது 64-ஆம் பிரிவாக இருந்தது. ஈ.எஸ்.ஐ. டாக்டர் கவனிப்பில் இருக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். குணமாவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக்கூடாது. அனுமதி இல்லாமல் அந்த ஏரியாவை விட்டுப் போகக்கூடாது. அவர்கள் கூப்பிட்டால் சோதனைக்குக் காட்ட வேண்டும்.

எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் நடந்தபோது இது நேரில் தெரிந்தது. மூன்றாவது வாரம் ஊரில் மாமனார் தவறிவிட்டார். செய்யாறு பக்கம். போகாமல் இருக்க முடியுமா? டிஸ்பென்சரி டாக்டரிடம் போய் நின்றேன். அந்த அம்மா விவரம் கேட்டுவிட்டு, கார் வைத்துப் போங்கள், பாடை தூக்காதீர்கள், மூன்றாம் நாள் திரும்பி வந்து காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மருமகன் தோள் கொடுக்கவில்லை என்று அங்கே பேச்சு வந்தது. என் மனைவிதான் எழுந்து, "அவருக்கு வயிற்றைக் கிழித்து இருபது நாள்கூட ஆகவில்லை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

கேட்டுவிட்டுப் போனால் கிடைக்கிற மரியாதை சொல்லாமல் போனால் கிடைக்காது. அதே சட்டத்தில் 73-ஆம் பிரிவில், இந்தப் பணம் வாங்கிக்கொண்டு சிகிச்சையில் இருக்கும் தொழிலாளியை முதலாளி வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றும் இருந்தது. சட்டங்களை இப்போது ஒன்றாகச் சேர்த்துப் புதுத் தொகுப்பாக ஆக்கியிருக்கிறார்கள், பிரிவு எண்ணை உங்கள் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

மாடித்தோட்டம் | ஞாயிறு, பகல் 2.10

காலையிலிருந்து படிக்கிறேன். தம்பிக்கு நல்லபடி ஆகட்டும், முதலில் அதுதான். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

"நீதான் வீட்டில் இருக்கிறாயே" என்ற வார்த்தை அவர் காதில் முந்தாநாள்தான் முதல் முறையாக விழுந்திருக்கும். நான் அதைப் பதினாறு வருடமாகக் கேட்கிறேன். எனக்கு டைபாய்டு வந்து பத்து நாள் லீவு போட்டபோது என்ன நடந்தது தெரியுமா? வேலைக்காரம்மாவை நிறுத்தினார்கள், "நீ வீட்டில்தானே இருக்கே, கொஞ்ச நாள் மிச்சமாகட்டும்" என்று. மாமனாரின் கண் செக்கப்பை அந்த வாரத்துக்கு மாற்றி வைத்தார்கள். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரத்துக்குக் கீழே இறங்கி நிற்க நான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆபீஸுக்குப் போகாத பெண் கையில் ஒரு முழு நாள் சும்மா கிடக்கிறது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். பத்து நாள் முடிந்து நான் ஆபீஸுக்குப் போனதே ஓய்வுக்காகத்தான்.

2024-இல் மத்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. இது உடம்பு நன்றாக இருக்கும் நாளின் கணக்கு. படுத்திருக்கும் நாளுக்கு யாராவது கணக்கு எடுத்தார்களா?

தம்பி, உங்கள் மனைவி பள்ளிக்குப் போனதை யாராவது குறை சொன்னால் கேட்காதீர்கள். அவள் லீவு போட்டிருந்தால் அவள் பிரின்சிபாலிடமிருந்து இதே போன் வந்திருக்கும். நான் கேட்பது வேறு. "இன்று என்னால் முடியாது அம்மா" என்று ஏன் உங்களால் சொல்ல முடியவில்லை? மேனேஜருக்கு ஏழு நாள் சான்றிதழ் கொடுத்தீர்கள். வீட்டுக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

---

எழும்பூர்_ஸ்டாப் | ஞாயிறு, மாலை 4.30

இன்னொரு விஷயம். டெங்கு கொசு கடித்தால்தான் பரவும், வரிசையில் நின்றதால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது. ஆனால் எல்லா நோயும் அப்படி இல்லை. போன சீசனில் எனக்கு மெட்ராஸ் ஐ. நம் ஊர்ப் பெயரையே தாங்கிய நோய், 1819-இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை இருக்கும் ஊர், ஆனாலும் கறுப்புக் கண்ணாடி போட்டால் பரவாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கை வழியாகப் பரவுகிறது. கண்ணைத் தொட்ட விரலை ரேஷன் கடைக் கருவியில் வைத்தால் அடுத்து வைப்பவர் கண்ணுக்கும் போகும். எங்கள் தெருவில் அந்த மாதம் வீட்டுக்கு வீடு வந்தது. அதனால் மெட்ராஸ் ஐ, அம்மை, ஃப்ளூ இதற்கெல்லாம் லீவு எடுத்தவர்கள் ரேஷனுக்கோ பேங்குக்கோ போகவே கூடாது. அது மேனேஜருக்காக இல்லை, வரிசையில் பின்னால் கைக்குழந்தையோடு நிற்பவருக்காக.

---

தபால்பெட்டி | ஞாயிறு, மாலை 5.15

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த அம்மா பேங்குக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை!

வாழ்நாள் சான்றை 2014-லிருந்து மத்திய அரசின் ஜீவன் பிரமாண் சேவை வழியாக டிஜிட்டலாகவே கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டிக் கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. கைரேகை விழாத பெரியவர்களுக்கு அதுதான் வரம். போன் பழக்கம் இல்லை என்றால் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுப்பார், 70 ரூபாய். பக்கத்துத் தபால் நிலையத்தில் சொல்லி வைத்தால் போதும். என் மாமியாருக்கு நாற்காலியை விட்டு எழாமல் பத்து நிமிடத்தில் முடிந்தது.

பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கியது, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். ரேஷனுக்கு, கார்டில் உள்ள யாரும் போக முடியாத நிலை என்றால் வேறு ஒருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டு வரும் தாயுமானவர் திட்டம் 2025-இல் வந்தது. ஆனால் அது முதியவரோ மாற்றுத்திறனாளியோ தனியாக இருக்கும் கார்டுகளுக்குத்தான், உங்கள் கார்டுக்குப் பொருந்தாது.

இதையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டும். காய்ச்சலில் படுத்துக்கொண்டு படிவம் தேட முடியாது.

---

கொரட்டூர்வாசி | ஞாயிறு, இரவு 9.50

மருத்துவமனையிலிருந்துதான் எழுதுகிறேன். நேற்றிரவு சேர்த்துவிட்டார்கள். பிளேட்லெட் 58,000. ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்று மாலை ரத்த அழுத்தம் நிலையாகிவிட்டது. இரவுப்பணி அக்கா, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் கேஸ் மாத்திரை போட்டுப் படுத்திருப்பேன்.

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறார். அவரைத் தேற்றத்தான் எனக்குத் தெம்பு இல்லை.

---

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 10.05

அம்மாவிடம் போனைக் கொடுத்து இதைப் படிக்கச் சொல்லுங்கள். அம்மா, உங்கள் மேல் தப்பு இல்லை. காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். படித்தவர்கள்கூட. நாளையும் நாளை மறுநாளும் பையனை எழுப்பாதீர்கள், கஞ்சியும் இளநீரும் கொடுங்கள்.

தம்பி, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள், எவ்வளவு போகிறது என்று எழுதி வையுங்கள். இனி பிளேட்லெட் தானாக ஏறும்.

---

கொரட்டூர்வாசி | வியாழன், காலை 11.20

செவ்வாய் வீட்டுக்கு வந்தேன். பிளேட்லெட் 1,30,000. மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. டாக்டர் இன்னும் பத்து நாள் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எச்.ஆர். சார் சொன்னபடி மேனேஜருக்கு வெள்ளிக்கிழமை நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பேங்க், மார்க்கெட், ரேஷன் எல்லாம். முன்பே சொல்லாதது என் தவறு என்றும் எழுதினேன். அரை மணி நேரத்தில் போன் செய்தார். அவருடைய அக்கா பையனுக்கும் டெங்குவாம், காய்ச்சல் விட்ட அன்றுதான் ஐ.சி.யூ.வுக்குப் போனானாம். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். என்னைப் பார்த்த நண்பரும் பேசினார். நாவலூர்க்காரர் சொன்னது சரிதான், என் வேலையில் பாதி அவர் தலையில்தான் விழுந்திருக்கிறது. அவர் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது.

மாடித்தோட்டம் அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டே இருந்தேன். அம்மா கேட்டு நான் முடியாது என்று சொன்னதே இல்லை. அப்பா போன பிறகு அவர் யாரிடம் கேட்பார் என்ற எண்ணம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஜூனில் மனைவிக்கு ஒரு வாரம் சிக்குன்குனியா. விரல் மடங்காத நிலையில் அவள் தோசை ஊற்றினாள். நான் அதைச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன். நேற்று அதை அவளிடம் சொன்னேன். "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள், அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம்.

லேத்துக்காரர் அண்ணா எழுதிய அந்த வரியை, குணமாவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக்கூடாது என்பதை, மகள் சார்ட் பேப்பரில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். யார் படுத்தாலும் அவர்களுக்கு அது பொருந்தும் என்று பேசி வைத்திருக்கிறோம். ரேஷனுக்கு இனி மனைவியும் நானும் மாதத்தின் முதல் சனிக்கிழமையே போய்விடுவது என்று முடிவு.

---

தபால்பெட்டி | வியாழன், பகல் 12.05

மகிழ்ச்சி தம்பி. அம்மாவின் சான்று ஏறிவிட்டதா என்று பார்த்தீர்களா? பேங்கில் கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள்.

---

கொரட்டூர்வாசி | வியாழன், பகல் 12.30

ஏறிவிட்டது அக்கா. ரசீது அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது. அடுத்த நவம்பருக்குத் தபால்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.